வீடு கிடைக்கவில்லை, கிடைக்கிற வீட்டுக்கு விலை எட்டவில்லை: திருகோணமலையில் வீடு பற்றிய 3 கேள்விகள்

கேள்வி: நானும் மனைவியும் அரச ஊழியர்கள். உவர்மலையில் 6 வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். ஒரு வருடமாகத் தேடியும் விற்பனைக்கென்று பார்த்தது 4 வீடுதான், அதிலும் 2 வீடு நாங்கள் யோசித்து முடிக்க முதலே கைமாறிவிட்டது. இப்போது பாலையூற்றில் 10 பேர்ச் காணியோடு ஒரு வீடு வந்திருக்கிறது. கேட்பது 1 கோடி 80 இலட்சம், வங்கியின் மதிப்பீடு 1 கோடி 45 இலட்சம். இந்தக் கிழமைக்குள் முற்பணம் தராவிட்டால் வேறு ஆள் தயார் என்கிறார் தரகர். வாங்குவதா, விலை இறங்கும் வரை பொறுப்பதா?

பதில்: விலை இறங்கும் என்று காத்திருக்க வேண்டாம். ஆனால் இந்தக் கிழமையே காசு கொடுக்கவும் வேண்டாம்.

முதலில் ஏன் இவ்வளவு குறைவாக வீடு விற்பனைக்கு வருகிறது என்று பாருங்கள். நம்முடைய பட்டினம் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு துண்டு நிலம், அதிலும் நல்ல பங்கு கடற்படைத் தளத்துக்கும் கோட்டைக்குள் இராணுவத்துக்கும் போய்விட்டது. அப்புறம், பூட்டிக் கிடக்கிற வீடுகள் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கின்றன, நீங்களே பார்த்திருப்பீர்கள். 83இலும் 90இலும் ஊரை விட்டுப் போனவர்களின் வளவுகள், பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் சிதறி இன்னும் பங்கு பிரிக்காத வீடுகள், உறுதி தொலைந்த வீடுகள். வீடு நிற்கிறது, கையெழுத்துப் போட ஆள் இல்லை. புதிதாகக் கட்டுகிறவர்களை 2022 முடக்கியது: டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியது, மத்திய வங்கி அந்த ஏப்ரலில் ஒரே தடவையில் வட்டியை 7 சதவீதப் புள்ளி கூட்டியது, அத்திவாரத்தோடும் லிண்டலோடும் நின்றுபோன வீடுகள் அப்படித்தான் நின்றன. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் குடியிருக்க உகந்த பல வீடுகள் 2009க்குப் பிறகு விருந்தினர் விடுதியாகிவிட்டன.

இப்படி ஒரு பகுதியில் வருடத்துக்கு இரண்டு மூன்று வீடுதான் கைமாறுகிறது என்றால், அதில் ஒன்றை வெளிநாட்டுக் காசில் யாரோ ஆசைப்பட்டு வாங்கிய விலையே அந்த ஒழுங்கை முழுவதற்கும் விலையாகிவிடுகிறது. "அந்த வீடு போன விலை தெரியும்தானே" என்று எல்லோரும் அதையே சொல்வார்கள். அது மெயின் ரோட்டைப் பார்த்த வளவா, இது மூன்றாம் குறுக்கில் உள்ள வளவா என்று யாரும் சொல்வதில்லை. அதனால் கேட்கிற விலையைச் சந்தை விலையாக எடுக்காதீர்கள். அதே பகுதியில் உண்மையில் எந்தத் தொகைக்குக் கைமாறியது என்று இரண்டு நொத்தாரிசுகளிடமும் பக்கத்து வளவுக்காரரிடமும் விசாரியுங்கள்.

விலை ஏன் இறங்காது என்கிறேன் என்றால், இங்கே விற்பவர்களில் பலருக்கு அவசரமில்லை. நல்ல விலை வராவிட்டால் பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள், விற்பனைக்கு இருக்கிற வீடு இன்னும் குறையும். ஆனால் அவசரமில்லாதவருக்கும் காசோடு வந்து, பத்திரம் பார்த்து, சொன்ன தேதியில் முடிக்கிற ஆள் தேவை. வங்கிக் கடன் அங்கீகாரக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு 1 கோடி 50இல் பேச்சைத் தொடங்குங்கள், 1 கோடி 60க்கு மேல் போகாதீர்கள். கேட்கிற விலையையே கொடுத்தால், மதிப்பீட்டுக்கு மேலான 35 இலட்சத்தை வங்கி தராது, நகையை அடகு வைத்துத்தான் நிரப்ப வேண்டும், இரண்டு சம்பளக் குடும்பத்துக்கு அது வருடக்கணக்கில் மூச்சுமுட்ட வைக்கும். 1 கோடி 60 என்றாலும் முத்திரைத் தீர்வையை மறக்க வேண்டாம்: முதல் 1 இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம், ஆக 6 இலட்சத்து 39 ஆயிரம் ரூபாய். அதை வாங்குகிற நீங்கள்தான் கட்ட வேண்டும், நொத்தாரிசு கட்டணம் வேறு.

இனி அந்த முற்பணம். வீடு குறைவாக இருக்கிற காலத்தில் மக்கள் ஏமாறுவது விலையில் அல்ல, இந்த இடத்தில்தான். காணிப் பதிவகத்தில் 30 வருடத் தோம்பு (காணி கைமாறிய பதிவுகள்) பார்க்காமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். ஈடு இருக்கிறதா, வழக்கு இருக்கிறதா, யாருக்காவது சீவிய உருத்து (உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமை) இருக்கிறதா எல்லாம், பதிந்திருந்தால் அதில் தெரியும். காணி விற்பதாகச் சாதாரணத் தாளில் எழுதிய உடன்படிக்கை சட்டத்தின் முன் நிற்காது, நொத்தாரிசு முன்னிலையில் எழுதிப் பதிய வேண்டும். காசு சொந்தக்காரரின் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும், தரகரின் கைக்கு அல்ல. இதற்கெல்லாம் இரண்டு கிழமை தர மாட்டேன் என்றால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள், மனம் நோகும்தான், ஆனாலும் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, முடிந்தால் ஒரு தடவை கார்த்திகை மார்கழி மழையில் அந்த ஒழுங்கையில் நடந்து பாருங்கள். கிணற்றுத் தண்ணீர் ஆவணி வெயிலில் உப்பாகிறதா என்று அயலவரைக் கேளுங்கள். உப்புக் காற்றில் கொங்கிறீட் கம்பி துருவேறி வெடித்திருந்தால் அந்தத் திருத்தச் செலவையும் விலையில் கழிக்கச் சொல்லலாம்.

கேள்வி: நிலாவெளி ரோட்டுப் பக்கம் பெர்மிட் காணியில் ஒரு வீடு பாதி விலைக்கு வருகிறது. சொந்தக்காரர் வெளிநாட்டில், அவருடைய தம்பி அற்றோணித் தத்துவத்தில் எழுதித் தருகிறாராம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பெர்மிட் காணியை, அதாவது காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் விற்க முடியாது. சுவர்ணபூமி, ஜயபூமி என்று அரசு கொடுத்த அளிப்புப் பத்திரங்களும் அப்படித்தான். யார் எழுதித் தந்தாலும் காணி உங்களுக்கு வராது, விலை பாதியாக இருப்பதே அதனால்தான். மனம் விடவில்லை என்றால் அந்தக் காணி இருக்கிற பகுதிக்குரிய பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் பெர்மிட் இலக்கத்தைக் கொடுத்து, இது யார் பெயரில் இருக்கிறது, கைமாற்ற அனுமதி கிடைக்குமா என்று நீங்களே நேரில் போய்க் கேளுங்கள். உறுதிக் காணியாக இருந்தாலும் அற்றோணித் தத்துவம் (வேறொருவருக்காகக் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரம்) என்றால், கொடுத்தவர் இறந்தால் அதுவும் முடிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். எழுதுகிற கிழமையிலேயே அவரோடு வீடியோவில் முகம் பார்த்துக் கதையுங்கள். கடற்கரையிலிருந்து 300 மீற்றருக்குள் என்றால் கட்டுவதற்குக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் தேவைப்படும்.

கேள்வி: அப்பா இறந்து 9 வருடம். அவர் பெயரிலேயே வீடு பூட்டிக் கிடக்கிறது. நாங்கள் 4 பிள்ளைகள், 2 பேர் பிரித்தானியப் பிரஜைகள். இன்னும் விலை ஏறும் என்று தம்பி பொறுக்கச் சொல்கிறான்.

பதில்: விற்பதும் பொறுப்பதும் உங்கள் விருப்பம், பத்திரத்தை மட்டும் பிந்தவிடாதீர்கள். நால்வரும் உயிரோடும் பேச்சுவார்த்தையோடும் இருக்கும்போதே அப்பாவின் சொத்தை உங்கள் பெயர்களுக்கு மாற்றுங்கள். இன்னும் 10 வருடம் போனால் 4 கையெழுத்து 12 கையெழுத்தாகும், அதில் சிலர் தமிழே தெரியாத பேரப்பிள்ளைகளாக இருப்பார்கள். 2014இன் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டுப் பிரஜைகள் காணி வாங்குவதைத் தடுக்கிறது, ஆனால் பெற்றோரிடமிருந்து உரிமையாக வருவதைத் தடுக்கவில்லை, அதனால் அந்த இருவருக்கும் பயம் வேண்டாம். அதுவரைக்கும் வீட்டைப் பூட்டி வைக்காமல் ஒரு குடும்பத்துக்கு எழுத்து மூலம் வாடகைக்குக் கொடுங்கள். மேலே கேட்டவரைப் போல இந்த ஊரில் எத்தனை பேர் வீடு தேடி அலைகிறார்கள்.