வாம்பட்டுக்குச் சொறி: மருந்து வைக்க வேண்டியது வளை வாசலில்

கேள்வி: ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் சதர்ன் ஹைலேண்ட்ஸ் பக்கம் ஐந்து ஏக்கர் நிலத்தோடு வீடு வாங்கியிருக்கிறோம். சில நாட்களாக ஒரு வாம்பட் (மண்ணில் வளை தோண்டி வாழ்ந்து, பெரும்பாலும் இரவில் மேயும் பைப்பாலூட்டி) பட்டப்பகலில் மேய்கிறது. விலாவில் முடி உதிர்ந்து, சாம்பல் நிறத்தில் பொருக்குத் தட்டியிருக்கிறது. ஓயாமல் சொறிகிறது; பக்கத்தில் போனாலும் ஓடுவதில்லை. வேப்பெண்ணெய் தடவலாமா? பிடித்து மருத்துவரிடம் கொண்டுபோகலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். வாம்பட் 25, 30 கிலோ எடை கொண்ட விலங்கு. மூலையில் சிக்கினால் கடிக்கும். பிடிக்கும் முயற்சியே ஏற்கெனவே நலிந்த உடலைக் கவிழ்த்துவிடக்கூடும். எண்ணெயோ, தோலுக்குள் குடைந்து வாழும் சிற்றுண்ணியைக் கட்டுப்படுத்தப் போதாது.

பகலில் வெளியே வருவதை மட்டும் வைத்து நோய் என்று சொல்ல முடியாது. குளிர்கால மதியங்களில் நல்ல ஆரோக்கியமான வாம்பட்டும் வெயில் காயும், மேயும். ஆனால் முடி உதிர்வு, பொருக்கு, சொறிதல் எல்லாம் சேர்ந்திருப்பதால் இது பெரும்பாலும் அந்தச் சிற்றுண்ணியால் வரும் சார்கோப்டிக் சொறிதான். முடி போனதால் உடல்சூடு வெளியேறுகிறது. அதை ஈடுகட்ட நேரம் காலம் பார்க்காமல் தின்ன வேண்டியிருக்கிறது. உங்களைக் கண்டு ஓடாதது பழகிவிட்டதால் அல்ல. கண்ணையும் காதையும் பொருக்கு மூடியிருக்கும்; நீங்கள் வருவதே அதற்குத் தெரியாது.

சிகிச்சை ஏன் வளையிலிருந்து தொடங்குகிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. ஒரு வாம்பட் ஒரே வளையில் தங்குவதில்லை. சில நாட்களுக்கு ஒருமுறை மாறும். அது விட்டுப்போன வளையில் இன்னொன்று வந்து படுக்கும். குளிர்ச்சியும் ஈரமும் உள்ள வளைக்குள் சிற்றுண்ணி உடலை விட்டு உதிர்ந்த பிறகும் இரண்டு வாரம் வரை உயிரோடு இருக்கும். வாம்பட்டுகள் நேருக்கு நேர் சந்திக்காமலேயே நோய் பரவுவது இப்படித்தான். டாஸ்மேனியாவின் நரவ்ன்டாபு தேசியப் பூங்காவில் 2010க்குப் பிறகு இந்த நோயால் வாம்பட் எண்ணிக்கை 94 சதவீதம் சரிந்தது. அங்கே வளைகளில் மருந்து வைத்தபோது நோய் தணிந்தது. ஆனால் வேரோடு போகவில்லை. ஒரு விலங்கைக் குணமாக்குவதும் ஒரு பகுதியிலிருந்தே நோயை ஒழிப்பதும் ஒன்றல்ல.

மருந்து, மாடுகளின் முதுகில் ஊற்றும் மாக்ஸிடெக்டின் (சைடெக்டின்; ஒரு மில்லிக்கு 5 மில்லிகிராம்). வாம்பட்டுக்கு இதைப் பயன்படுத்த ஆஸ்திரேலியப் பூச்சிமருந்து, கால்நடை மருந்து ஆணையத்தின் அனுமதி உத்தரவு இருக்கிறது. அளவும் இடைவெளியும் அதில் எழுதியபடிதான் இருக்க வேண்டும். மாட்டு மருந்துப் புட்டியின் லேபிளைப் பார்த்து நீங்களாகக் கணக்குப் போடாதீர்கள். வழக்கமாக வாரம் ஒருமுறை வீதம் மூன்று மாத அளவுக்கு நீளும். மருந்து முட்டைகளைக் கொல்லாது, வாம்பட்டின் உடலில் வெகுநாள் தங்குவதும் இல்லை. அதனால்தான் இத்தனை முறை. ஒரே தடவையில் பல வாரம் வேலை செய்யும் ஃப்ளூராலனர் என்ற மருந்தையும் வாம்பட்டுகளில் சோதித்திருக்கிறார்கள். அது கிடைக்குமா என்று உள்ளூர் வனவிலங்கு மீட்புக் குழுவிடம் கேளுங்கள்.

முதலில் எந்த வளை புழக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள். வாசலின் குறுக்கே மெல்லிய குச்சிகளை வரிசையாக மண்ணில் நட்டுவையுங்கள். காலையில் சாய்ந்திருந்தால் ஏதோ போய்வந்திருக்கிறது. பக்கத்தில் சதுரமான புதுப் புழுக்கையும் கிடந்தால் அது வாம்பட்தான். வளைக்கு வளை இதைச் செய்ய வேண்டும்.

பிறகு தட்டி, அதாவது வாம்பட் தள்ளிக்கொண்டு போகும்போது அதன் முதுகில் மருந்தைக் கவிழ்க்கும் சிறு தொங்குகதவு. 4 லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாவின் மூடி, இரண்டு இரும்புக் குச்சிகள், கம்பி, ஒரு பால் பாட்டில் மூடி, இவ்வளவுதான். குச்சிகளை வாசலின் இருபுறமும் ஆழமாக அடித்து, நடுவே கம்பி கட்டி, டப்பா மூடியைக் கதவு போலத் தொங்கவிடுங்கள். பாட்டில் மூடியை அதில் நேராக நிற்கும்படி பொருத்துங்கள். தட்டியைத் தள்ளினால் மட்டுமே அது கவிழ வேண்டும். மருந்துக்கு முன் தண்ணீர் ஊற்றிக் கையால் தள்ளிப் பாருங்கள். தண்ணீர் தட்டிக்கு முன்னால் தரையில் விழுந்தால் மருந்தும் அங்கேதான் போகும். அது கடந்துபோகும் விலங்கின் தோளுக்குப் பின்னால் விழ வேண்டும். முதல் சில நாள் வெறும் தட்டியாக விட்டுப் பழக்குங்கள். மிரண்டால் வளையையே மாற்றிவிடும்.

சொதப்புவது பெரும்பாலும் மூன்று இடங்களில். மழை மூடியை நிரப்பிவிடும். வானிலை பார்த்து மருந்து ஊற்றுங்கள். மரமேறும் போசமோ சிறு கங்காரு போன்ற வாலபியோ மருந்தைக் கவிழ்த்துவிட்டிருக்கும், நீங்கள் வாம்பட் மருந்து வாங்கிக்கொண்டது என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள்; அசைவைக் கண்டு படமெடுக்கும் கேமரா ஒன்று வைத்தால் இந்தச் சந்தேகம் தீரும். மூன்றாவது, பாதியில் நிறுத்துவது. முதல் சில வாரங்களில் பொருக்கு வெடித்து, சொறிதல் கூடி, பார்க்க இன்னும் மோசமாகவே இருக்கும். அதைப் பார்த்து மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். பொருக்கு உதிர்ந்து இளஞ்சிவப்புத் தோல் தெரிந்தால் சரியான வழியில் போகிறது. முடி மெதுவாகத்தான் வரும். மூன்று மாதம் வாராவாரம் பார்க்க முடியாது என்றால் தொடங்காமல் மீட்புக் குழுவிடம் ஒப்படைத்துவிடுவதே மேல்.

கையுறை இல்லாமல் எதையும் தொடாதீர்கள். இந்தச் சிற்றுண்ணி மனிதத் தோலில் வாழ்க்கையை நடத்தாது என்றாலும் சில நாள் கடுமையாக அரிக்கும். நாய்க்கும் தொற்றும், வளைப்பக்கம் விடாதீர்கள். கோலி இன நாய் வைத்திருந்தால் கூடுதல் கவனம்: சிந்திய மாக்ஸிடெக்டினை நக்கினால் உயிருக்கே ஆபத்து. காலிப் புட்டியை ஓடையில் கழுவக் கூடாது, நீர்வாழ் உயிர்களுக்கு அது நஞ்சு.

பொருக்கு கெட்டியாகிப் பிளந்து, காயத்தில் புழு வைத்து, கண் இரண்டும் மூடி, எலும்பு தெரியும் நிலை என்றால் தட்டி உதவாது. கெட்டிப் பொருக்கின் வழியாக மருந்து இறங்காது. உடனே மீட்புக் குழுவைக் கூப்பிடுங்கள். கருணைக்கொலையா என்பதைக் கால்நடை மருத்துவர் பார்த்து முடிவு செய்வார். அது பெண் என்றால் பையில் குட்டி இருக்கக்கூடும், கூப்பிடும்போதே சொல்லிவிடுங்கள்.