வீட்டுக் குப்பையைக் குறைக்க எந்த நாட்டின் திட்டம் உண்மையிலேயே பலன் தந்தது?

என்னைக் கேட்டால் தென் கொரியா. முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன், ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

1995 ஜனவரியில் அங்கே நாடு முழுக்க ஒரு முறை வந்தது. பொதுக் குப்பையை அதற்கென்று விற்கிற பையில்தான் போட வேண்டும். பையைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். குப்பை அள்ளும் கட்டணம் அந்த விலையிலேயே அடக்கம். காகிதம், கண்ணாடி, தகரம் என்று பிரித்து வைத்தால் அதற்குக் கட்டணம் கிடையாது. பிரிக்கச் சோம்பல்பட்டால் பை சீக்கிரம் நிரம்பும், கையைக் கடிக்கும். விழிப்புணர்வுப் பேரணிகள் மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லாததால், இந்த ஏற்பாடு ரொம்பவே பிடிக்கும்.

சாப்பாட்டுக் கழிவை அவர்கள் கையாளும் விதம் இன்னும் சுவாரசியம். அதை அப்படியே நிலத்தில் புதைக்க 2005-இல் தடை போட்டார்கள். 2013 முதல் அளவுக்கேற்ற கட்டணம். பல அடுக்குமாடிகளில் அட்டையைக் காட்டினால்தான் தொட்டி திறக்கும். கொட்டியதும் எடை பார்த்து அந்த வீட்டுக் கணக்கில் ஏற்றிவிடும். எடைக்குக் காசு என்றால் தண்ணீரை வடிக்காமல் யார் கொட்டுவார்கள்? எலும்பு, முட்டை ஓடு, நண்டு ஓடு, பழக்கொட்டை எல்லாம் அந்தத் தொட்டிக்குள் போகக்கூடாது. கழிவில் ஒரு பங்கு தீவனமாக மாறுகிறது, அதனால் கால்நடை தின்ன முடியாததைச் சேர்ப்பதில்லை. 1990-களின் நடுவில் மிகச் சொற்பமாக இருந்த உணவுக் கழிவு மறுசுழற்சி, இப்போது 90 சதவீதத்தைத் தாண்டிவிட்டது.

ஜெர்மனியில் இதையே திருப்பிப் போட்டார்கள். 2003-இல் தொடங்கிய முறைப்படி, ஒருமுறை பயன்படுத்தும் பாட்டில், கேன்களுக்குக் கூடுதலாக ஒரு வைப்புத்தொகை, இப்போது 25 சென்ட்; காலியைத் திருப்பிக் கொடுத்தால் காசும் திரும்பி வரும். குடித்தவர் பாட்டிலைக் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போக, வேறொருவர் எடுத்துப் போய்க் காசாக்குவதும் சகஜம்.

சரி, கொரியாவில் எங்கே இடித்தது? 2018-இல் சீனா வெளிநாட்டுப் பிளாஸ்டிக் கழிவை வாங்க மாட்டேன் என்றதும் மறுசுழற்சிப் பொருள்களின் விலை விழுந்தது. ஏப்ரலில் சியோல் பகுதி அடுக்குமாடிகளில் பிளாஸ்டிக் பைகளை எடுக்க மறுத்துவிட்டார்கள் தனியார் சேகரிப்பாளர்கள். மக்கள் ஒழுங்காகப் பிரித்துத்தான் வைத்திருந்தார்கள், வாங்கத்தான் ஆளில்லை. பிரிப்பது வேறு, குறைப்பது வேறு என்று அப்போதுதான் உறைத்தது போலும். அதன் பிறகு அரசின் கை கடைகள் பக்கமும் தயாரிப்பாளர்கள் பக்கமும் இன்னும் அதிகமாக நீண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், கஃபேக்குள் உட்கார்ந்து குடிப்பவர்களுக்குப் பிளாஸ்டிக் கப் தருவதைத் தடுத்தார்கள். நிறம் கலந்த பாட்டிலை மறுசுழற்சி செய்வது கடினம் என்பதால், 2019 இறுதியில் பானங்களுக்கு வண்ண பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டில்களும் கூடாது என்றானது. பச்சை பாட்டிலுக்கே பேர்போன குளிர்பானங்கள்கூட நிறமில்லாத பாட்டிலுக்கு மாறின.

கொரியாவைப் பார்த்துத் திட்டம் போடும் நாடுகள் பையில் தொடங்காமல் இந்தப் பாட்டிலில் தொடங்கலாம் என்பது என் கருத்து.