பணியாளர் பக்கம்: பொன்னாடைக்கு முன்னால் ஒரு நாற்காலி

அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பணியாற்றுவோரும் அவர்கள் குடும்பத்தாரும் அனுப்பிய கடிதங்களுக்கு, பாளையங்கோட்டையில் வசிக்கும் ஓய்வுபெற்ற செவிலியர் கண்காணிப்பாளர் ஒருவர் இந்த இதழில் பதில் அளிக்கிறார்.

கேள்வி: அம்மா அவர்களுக்கு வணக்கம். என் மகள் ஸ்காட்லாந்தில் அரசு மருத்துவமனைச் செவிலியராக இருக்கிறாள். அங்கே நிர்வாகமும் பணியாளரும் ஒரே மேசையில் அமர்ந்து பேச ‘பார்ட்னர்ஷிப் ஃபோரம்’ என்று ஓர் அமைப்பு இருப்பதாகச் சொல்கிறாள். நம் ஊர் மருத்துவமனைகளிலும் மாதந்தோறும் கூட்டம் நடக்கத்தானே செய்கிறது? இரண்டுக்கும் என்ன வேறுபாடு?
*— ஓய்வுபெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை*

உங்கள் மகள் சொல்வது சரியே. ஸ்காட்லாந்தின் பொதுச் சுகாதாரச் சேவையில், பணியாளரை எப்படி நடத்த வேண்டும் என்பதை அதிகாரியின் நல்ல மனத்துக்கு விட்டுவிடாமல், 2004-ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டத்தின் வழியே அதைச் சட்டக் கடமையாகவே ஆக்கினார்கள். பணியாளருக்குச் செய்திகள் முறையாகத் தெரிவிக்கப்பட வேண்டும். தகுந்த பயிற்சி கிடைக்க வேண்டும். தம்மைப் பாதிக்கும் முடிவுகளில் அவர்களுக்குப் பங்கு இருக்க வேண்டும். பாகுபாடின்றி மரியாதையோடு நடத்தப்பட வேண்டும். பணியிடம் பாதுகாப்பாகவும் தொடர்ந்து மேம்படுவதாகவும் இருக்க வேண்டும். இந்த ஐந்தும் அங்கே அளவுகோல்கள். அந்நாட்டின் 14 வட்டார சுகாதார வாரியங்களில் ஒவ்வொன்றிலும் நிர்வாகமும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து அமரும் மன்றம் ஒன்று உண்டு. பணியாளர் தரப்பின் பிரதிநிதி ஒருவர் வாரியத்திலேயே உறுப்பினராக இருக்கிறார். ‘ஐ-மேட்டர்’ என்ற கேள்வித்தாள் வழியே பணியாளர் கருத்தைக் கேட்டு, அதன் முடிவை அந்தந்தக் குழுவிடமே கொடுத்து, எதை மாற்றலாம் என்று அவர்களையே திட்டமிடச் சொல்வதும் அங்கே வழக்கத்தில் இருக்கிறது.

இந்த எண்ணம் நம் நாட்டுக்கும் புதிதன்று. நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிலகங்களில் இரு தரப்பும் அமரும் பணிக்குழு பற்றி 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டமே பேசியது. மத்திய அரசு ஊழியர்களுக்கான கூட்டு ஆலோசனை அமைப்பு 1966-ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. இவ்வளவு இருந்தும் வார்டு வரைக்கும் அந்தப் பழக்கம் இறங்கி வரவில்லை என்பதுதான் என் வருத்தம்.

நம் மருத்துவமனைகளில் மாதந்தோறும் நடப்பது ஆய்வுக் கூட்டம். எத்தனை பிரசவம், எத்தனை தடுப்பூசி, எத்தனை முகாம் என்று கேட்பார்கள். எண்ணிக்கை ஏன் குறைந்தது என்ற கேள்வி மேலிருந்து வருமே தவிர, எதனால் குறைந்தது என்பதைக் கீழே இருப்பவர் எடுத்துச் சொல்லும் முன்பே அடுத்த நிலையத்தின் பெயரை வாசித்துவிடுவார்கள். ஆய்வுக் கூட்டம் தேவையானதுதான். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது கணக்குக் கேட்கும் இடம். கருத்துக் கேட்கும் இடம் வேறாக இருக்க வேண்டும்.

நான் பணியாற்றிய மருத்துவமனை ஒன்றில் மதியப் பணி இரவு எட்டு மணிக்கு முடியும். வார்டை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே வர எட்டேகால் ஆகும். சுற்றுவட்டார ஊர்களுக்குப் போகும் பேருந்து எட்டு பத்துக்குப் புறப்பட்டுவிடும். அதைத் தவறவிட்டால் இன்னும் ஒரு மணி நேரம் நிலையத்தில் நிற்க வேண்டும். ஆகவே பலரும் ஏழே முக்காலுக்கே கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நின்றபடியே பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டு ஓடுவார்கள். ஒப்படைப்பு சரியில்லை என்று குறிப்பாணை மேல் குறிப்பாணையாகக் கொடுத்தோம். கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. காரணத்தைக் கேட்க எனக்கும் தோன்றவில்லை. புதிதாக வந்த தலைமை மருத்துவர் ஒரு நாள் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசச் சொன்னபோதுதான், ஒரு இளம் செவிலியர் தயங்கித் தயங்கிப் பேருந்து நேரத்தைச் சொன்னார். பணி நேரத்தை அரை மணி முன்னால் நகர்த்தினோம். அதற்குப் பிறகு கட்டில் கட்டிலாகப் போய், எந்த நோயாளிக்கு எந்த மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தோம், யாருக்கு இரவில் இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும் என்று சொல்லி ஒப்படைக்கும் வழக்கம் தானாகவே வந்துவிட்டது.

அந்தக் கூட்டத்தில் நான் கண்ட இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாற்காலிகள் காலியாக இருந்தும் வார்டு உதவிப் பணியாளர்களும் துப்புரவுப் பணியாளர்களும் சுவரோரமாகக் கைகட்டி நின்றுகொண்டிருந்தார்கள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. தலைமை மருத்துவர் எழுந்து, நான்கு நாற்காலிகளைத் தாமே தூக்கிக்கொண்டு வந்து மேசையைச் சுற்றிப் போட்ட பிறகுதான் அமர்ந்தார்கள். கூட்டுப் பணி என்ற சொல்லுக்கு நான் அறிந்த தொடக்கம் அதுதான். அதன் பிறகு தேவைப்படுவதெல்லாம் ஒழுங்கு: என்ன பேசப் போகிறோம் என்பதை ஒரு வாரம் முன்பே அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும்; பேசியதை எழுதி வைக்க வேண்டும்; முடியாது என்றாலும் அதை எழுத்தில், காரணத்தோடு, அடுத்த கூட்டத்துக்குள் சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் காயகல்ப் விருது கிடைத்தது. பரிசுத் தொகையில் ஒரு பகுதி பணியாளருக்கு உண்டு என்கிறார்கள். ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர் இருவரையும் பட்டியலில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். பங்கு வாங்கிக்கொள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை. நான் என்ன செய்யலாம்?
*— செவிலியர், அம்பாசமுத்திரம் வட்டம்*

உங்கள் மனம் ஒப்பாததே நியாயமான செயல். காயகல்ப், அரசு மருத்துவ நிலையங்களின் தூய்மைக்குப் பரிசளிக்க 2015-ஆம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய திட்டம். பரிசுத் தொகையில் 75 விழுக்காட்டை நிலையத்தின் மேம்பாட்டுக்கும் 25 விழுக்காட்டைப் பணியாளர் குழுவுக்கு ஊக்கத்தொகையாகவும் செலவிட வேண்டும் என்பது அதன் வழிகாட்டுதல். குழுவுக்கு என்றுதான் சொல்லியிருக்கிறதே தவிர, பதவிக்கு என்று சொல்லவில்லை. மதிப்பெண் எதற்குக் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள்: வளாகப் பராமரிப்பு, துப்புரவு, கழிவு மேலாண்மை, தொற்றுத் தடுப்பு. இவற்றில் அந்த இருவரின் கைபடாத பகுதி எது என்று உங்கள் நிலைய மருத்துவரிடம் கேளுங்கள்.

முன்பு எங்கள் வார்டில் ஒரு துப்புரவுப் பணியாளர் இருந்தார். பள்ளிக்கூடம் அதிகம் போனவர் அல்லர். ஒரு காலையில் அவர் சிவப்புப் பையைத் தூக்காமல் நின்றுவிட்டு என்னைக் கூப்பிட்டார். “அம்மா, இதுல ஊசி கெடக்கு, பை கனமும் சரியில்ல” என்றார். 2016-ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி ஊசி வெள்ளை நிறக் கலனில்தான் விழ வேண்டும். குழாய், சிரிஞ்சு போன்ற நெகிழிக் கழிவுக்குத்தான் சிவப்புப் பை. திறந்து பார்த்தால் மூடியில்லாத ஊசிகள் ஐந்தாறு கிடந்தன. போட்டது படித்த எங்கள் கைதான். அவருடைய கையில் குத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு உள்ளம் நடுங்குகிறது. அந்த மாதக் கூட்டக் குறிப்பில் அவர் பெயரையும், அவர் சொன்னதையும், அதன் பின் ஒவ்வொரு ஊசித் தட்டின் அருகிலும் வெள்ளைக் கலன் வைக்க முடிவெடுத்ததையும் எழுதினோம். வாசித்துக் காட்டியபோது, அந்தப் பக்கத்தைச் செல்பேசியில் படம் பிடித்துக்கொள்ளலாமா என்று கேட்டார். மகளிடம் காட்ட வேண்டுமாம்.

ஆகவே, தொகையைப் பிரிக்கும் முன் எல்லோரும் சேர்ந்த கூட்டம் ஒன்றைக் கூட்டும்படி கேட்டு, நீங்களும் உங்களோடு ஒத்த கருத்துடையவர்களும் கையெழுத்திட்டு மருத்துவ அலுவலருக்கு மனு கொடுங்கள். ஒப்பந்தப் பணியாளருக்குக் கொடுக்க விதி இடம் தருமா என்ற ஐயம் எழுந்தால், வாய்வழிப் பதிலோடு நிறுத்திக்கொள்ளாமல், வட்டார மருத்துவ அலுவலர் வழியாக மாவட்டச் சுகாதார அலுவலகத்தின் விளக்கத்தை எழுத்தில் கேட்டுப் பெறும்படி சொல்லுங்கள். அது வரும்வரை பிரித்துக் கொடுப்பதை நிறுத்தி வைப்பதில் யாருக்கும் இழப்பில்லை.

கேள்வி: பணியாளர் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டும் வழக்கத்தை எங்கள் மருத்துவமனையில் தொடங்கியிருக்கிறார்கள். இது தேவையா?
*— ஆய்வக நுட்பநர், தென்காசி*

நல்ல வழக்கம், நடக்கட்டும். இரவுப் பணியில் இருப்பவருக்கும் ஒரு துண்டு எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: குடியரசு நாளில் மாவட்ட ஆட்சியர் கையால் நற்சான்றிதழ் வாங்குவோர் பட்டியலில் அலுவலகத்தில் இருப்போர் பெயரே பெரும்பாலும் வருகிறது. களத்தில் இருப்போர் பெயரும் வர என்ன வழி?
*— மருந்தாளுநர், வள்ளியூர்*

பாளையங்கோட்டை மைதானத்தில் பெயர் சொல்லி அழைக்கப்படும் அந்த ஒரு நிமிடத்தின் அருமையை நான் அறிவேன். அதைச் சிறிதென்று சொல்ல மாட்டேன். பெயரைப் பரிந்துரைக்கும் கடிதம் கடைசி வாரத்தில் அலுவலகத்துக்கு வருகிறது. அவசரத்தில் கண்ணெதிரே இருப்பவரின் பெயர் எழுதப்படுகிறது. பெரும்பாலும் இதில் வஞ்சகம் எதுவும் இல்லை. தொலைவில் இருப்பவர் நினைவுக்கு வருவதில்லை, அவ்வளவே. காரையாறு பக்கம் காணிப் பழங்குடியினர் குடியிருப்புகளுக்கு நடந்து போய்த் தடுப்பூசி போட்டுவரும் கிராம சுகாதாரச் செவிலியர், மாவட்ட அலுவலகத்தின் கண்ணில் ஆண்டுக்கு எத்தனை நாள் படுவார்? நவம்பர் மாதத்திலேயே சக பணியாளர் ஒவ்வொருவரும் இன்னொருவரின் பெயரை, அவர் செய்த ஒரு குறிப்பிட்ட செயலோடு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், டிசம்பர் முடிவதற்குள் கையில் ஒரு பட்டியல் இருக்கும். ‘சிறப்பாகப் பணியாற்றினார்’ என்று மட்டும் எழுதிய பரிந்துரையை ஏற்கக் கூடாது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருக்கெடுத்து ஊர்கள் துண்டிக்கப்பட்டபோது, மாற்று ஆள் வர வழியில்லாமல் இரண்டு நாளும் வார்டிலேயே இருந்த செவிலியர்கள் சிலரை நான் அறிவேன். அவர்களில் ஒருவருக்குப் பின்னர் பொன்னாடை போர்த்தினார்கள். மகிழ்ந்தார். ஆனால் என்னிடம் பேசும்போது வேறொன்றைத்தான் சொன்னார்: குடிநீர்க் கேன்களும் ஜெனரேட்டருக்கான டீசலும் தரைத்தளத்தில் இருந்ததால் இடுப்பளவு நீரில் இறங்கி எடுக்க நேர்ந்தது, அடுத்த மழைக்கு முன் அவற்றை மாடிக்கு மாற்ற வேண்டும், இதை என்னிடம் யாரும் கேட்கவில்லை அக்கா என்றார். பொன்னாடை போர்த்திய கையோடு அந்த ஒரு கேள்வியையும் கேட்டிருந்தால் பாராட்டு நிறைவு பெற்றிருக்கும்.

கேள்வி: நான் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மகளிர் சுகாதாரத் தன்னார்வலராக இருக்கிறேன். திட்டத்துக்கு ஐ.நா. விருது கிடைத்ததாகச் செய்தித்தாளில் படித்தேன். மகிழ்ச்சிதான். ஆனால் வட்டாரக் கூட்டத்தில் எங்களைப் பேசச் சொல்வதே இல்லையே?
*— முக்கூடல் பகுதி வாசகி*

2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தொடங்கிய திட்டம் 2024-ஆம் ஆண்டில் அந்த விருதைப் பெற்றது என்றால், வீடு வீடாக ஏறி இறங்கிச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்து மாத்திரை கொடுத்தவர்களால்தான் பெற்றது. அதில் உங்கள் பங்கு உண்டு. அதைத் தயக்கமில்லாமல் சொல்லிக்கொள்ளுங்கள்.

உங்கள் பகுதியில் பாதி வீடுகளில் பெண்கள் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருப்பார்கள். கணக்கு ஒப்படைக்க அவர்கள் பீடிக் கடைக்குப் போகும் நேரத்தில் நீங்கள் போனால் வீடு பூட்டியிருக்கும். பதிவேட்டில் ‘நோயாளி இல்லை’ என்று விழும். மேலே இருப்பவர் அதை உங்கள் குறையாகப் படிப்பார். எந்தத் தெருவுக்கு எந்த நேரம் போனால் ஆள் இருக்கும், யார் மாத்திரையை வாங்கி அடுக்குப்பானைக்குள் போட்டுவிட்டு விழுங்காமல் இருக்கிறார், யாருக்குத் தலைசுற்றல் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். மருத்துவருக்கு அது தெரியாது. தெரிந்தால் அவருடைய மருத்துவமே மேம்படும். அடுத்த கூட்டத்துக்கு முன் உங்கள் தெருக்களின் நேர அட்டவணை ஒன்றை ஒரே தாளில் எழுதி, பகுதிச் சுகாதாரச் செவிலியரிடம் கொடுத்து, ஐந்து நிமிடம் பேச வாய்ப்புக் கேளுங்கள். தாளோடு வருபவரைத் தட்டிக்கழிப்பது கடினம்.

கேள்வி: கூட்டத்தில் வாய் திறந்தால் மறுமாதமே இடமாற்றம் வரும் என்ற அச்சம் எங்கள் எல்லோருக்கும் இருக்கிறது. பெயரும் ஊரும் வேண்டாம்.

உங்கள் அச்சம் பொய்யென்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். அப்படி நடந்ததை நானே பார்த்திருக்கிறேன். அதனால்தான் தனியாகப் பேசாதீர்கள் என்கிறேன். சங்கம் இருப்பது இதற்காகத்தான். ஒருவர் சொன்னால் அது புகார். பன்னிரண்டு பேர் கையெழுத்திட்டுச் சங்கத்தின் வழியே கொடுத்தால் அது கோரிக்கை. ஆளைப் பற்றி எழுதாமல் வேலையைப் பற்றி எழுதுங்கள்: ‘இரவுப் பணியில் இரண்டு வார்டுக்கு ஒரே செவிலியர் இருப்பதால் மருந்து கொடுக்கத் தாமதமாகிறது’ என்று எழுதினால் அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

உங்கள் கடிதத்தில், இங்கே வெளியிடாத கடைசி வரியில் நீங்கள் மறைமுகமாகச் சொல்லியிருப்பது பாலியல் தொல்லையைப் பற்றி என்றால், அதற்குக் கூட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். பத்துப் பேருக்குக் குறையாமல் பணியாற்றும் ஒவ்வோர் இடத்திலும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதன் தலைவர் பெண்ணாகவே இருக்க வேண்டும். வெளியாள் ஒருவரும் அதில் உறுப்பினர். நிகழ்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். பத்துப் பேருக்குக் குறைவான நிலையம் என்றால் மாவட்ட அளவிலான குழுவை அணுகலாம். இன்றிரவே ஒரு குறிப்பேட்டில் தேதி, நேரம், யார் உடனிருந்தார் என்பவற்றை எழுதி வையுங்கள். அதன் நகலைப் பணியிடத்தில் வைக்காமல் வீட்டில் வையுங்கள். விவரத்தை மீண்டும் எனக்கு எழுதினால், மனுவின் வாசகத்தை நானே எழுதி அனுப்புகிறேன்.