லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணி பணத்தைக் கொட்டி அடுத்தடுத்து இரண்டு கோப்பை ஜெயித்துவிட்டது. பாஸ்கெட்பால் லீகான என்பிஏ மாதிரி பேஸ்பாலுக்கும் சம்பள உச்சவரம்பு, அதாவது ஓர் அணி தன் வீரர்களுக்கு மொத்தமாக இவ்வளவுதான் தரலாம் என்ற வரம்பு, வேண்டாமா?

வேண்டாம் என்பதுதான் என் பதில். நான் டாட்ஜர்ஸ் ரசிகன் இல்லை. 2010இல் வேலைக்காக டாலஸ் பக்கத்தில் இர்விங்குக்கு வந்தேன். அன்றிலிருந்து பேஸ்பாலில் டெக்சஸ் ரேஞ்சர்ஸ், பாஸ்கெட்பாலில் டாலஸ் மேவரிக்ஸ், இந்த இரண்டும்தான் என் அணிகள். ஒன்று உச்சவரம்பு இல்லாத லீகில் ஆடுகிறது, இன்னொன்று உச்சவரம்பு உள்ள லீகில் ஆடுகிறது. இரண்டிலும் கூத்தாடியிருக்கிறேன், இரண்டிலும் அழுதிருக்கிறேன். எந்த அடி இன்னும் ஆறவில்லை என்று யோசித்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

டாட்ஜர்ஸ் மீது கோபப்படுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பேஸ்பாலின் இறுதித் தொடரான உலகத் தொடரில் 2024இல் நியூயார்க் யாங்கீஸை வீழ்த்தினார்கள், 2025இல் டொராண்டோ ப்ளூ ஜேஸை. யாங்கீஸ் 2000 வரை தொடர்ந்து மூன்று முறை ஜெயித்த பிறகு, கோப்பையைத் தக்கவைத்துக்கொண்ட முதல் அணி இதுதான். நட்சத்திர வீரர் ஷோஹெய் ஒட்டானிக்கு 10 ஆண்டுக்கு 70 கோடி டாலர், அதிலும் 68 கோடியை 2034க்கு மேல் தருவதாக ஏற்பாடு. 2025 சீசனுக்காக லீகுக்குக் கட்டிய சொகுசு வரி (சம்பளச் செலவு ஓர் அளவைத் தாண்டினால் கட்டுவது) மட்டும் ஏறத்தாழ 17 கோடி டாலர். பல அணிகளின் மொத்தச் சம்பளப் பட்டியலே அந்த வரியைவிடக் குறைவு. இதையெல்லாம் படித்தால் யாருக்கும் வயிறு எரியத்தான் செய்யும்.

ஆனால் 2025 நவம்பர் 1 அன்று நடந்த ஏழாவது, கடைசி ஆட்டத்தைப் பார்த்தவர்கள், கோப்பையைக் கடையில் வாங்கினார்கள் என்று சொல்ல மாட்டார்கள். ஒன்பதாவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸ் 4-3 என்று பின்தங்கியிருந்தது. இன்னும் இரண்டு அவுட் விழுந்தால் டொராண்டோவுக்குக் கோப்பை. அப்போது பேட் பிடித்து நின்றவர் ஒட்டானி இல்லை, மிகேல் ரோஹாஸ். வயது 36, ஹோம் ரன்னுக்குப் பேர் போனவரும் இல்லை, அந்த அணியில் சம்பளம் குறைவானவர்களில் ஒருவர். அவர் பந்தை இடப்பக்கச் சுவருக்கு மேல் அனுப்பினார். டொராண்டோ பேட் பிடித்த அடுத்த பாதியில் பேஸ்கள் எல்லாம் நிரம்பி நிற்க, அதே ரோஹாஸ் தடுமாறியபடி பந்தைப் பிடித்து ஹோம் பேஸுக்கு எறிந்து ஓர் அவுட் எடுத்தார். டாட்ஜர்ஸ் பந்துவீச்சாளர் யோஷினோபு யமமோட்டோ முந்தைய இரவுதான் 96 பந்து வீசியிருந்தார். அவரே மறுபடி வந்து கடைசி வரை வீசினார். 11ஆவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸின் வில் ஸ்மித் அடித்த ஹோம் ரன்னில் ஆட்டம் 5-4 என்று முடிந்தது. அந்தப் பக்கம் ப்ளூ ஜேஸும் ஏழை அணி இல்லை. விளாடிமிர் குரேரோ ஜூனியருக்கு 50 கோடி டாலர் கொடுத்துத் தக்கவைத்துக்கொண்ட அணி அது. எனக்கு எந்தப் பக்கமும் சொந்தம் இல்லாத ஆட்டம், அப்படியும் கடைசி மூன்று இன்னிங்ஸை என்னால் உட்கார்ந்து பார்க்க முடியவில்லை.

எங்கள் கதையையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2011 உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில், கோப்பைக்கு ஒரே ஒரு ஸ்ட்ரைக் பாக்கி என்ற இடத்துக்கு ரேஞ்சர்ஸ் இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் எதிரணி செயின்ட் லூயிஸ் தப்பித்தது, கோப்பையும் போனது. நான் இங்கே வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது, விதிகள்கூட முழுதாகத் தெரியாது, ஆனால் அந்த இரவு தூங்கவில்லை. பின்னாளில் அணி தேய்ந்துபோய் 2021இல் 102 ஆட்டங்களில் தோற்றது. அந்தக் குளிர்காலத்தில்தான் நிர்வாகம் பெட்டியைத் திறந்தது. கோரி சீகருக்கு 32.5 கோடி டாலர், மார்கஸ் செமியனுக்கு 17.5 கோடி. இரண்டே பேருக்கு 50 கோடி. இரண்டு வருடத்தில் பலன் கிடைத்தது. 2023 பிளேஆஃபில் வெளியூரில் ஆடிய 11 ஆட்டங்களையும் ஜெயித்து, வரலாற்றில் முதல் முறையாக ரேஞ்சர்ஸ் உலகத் தொடரை வென்றது. சீகர்தான் தொடரின் சிறந்த வீரர். அன்று நாங்கள் யாரும் "இது காசு கொடுத்து வாங்கிய கோப்பை" என்று வருந்தவில்லை. எங்கள் முதலாளி எங்களுக்காகச் செலவு செய்தார் என்றுதான் நினைத்தோம். லாஸ் ஏஞ்சலஸ்காரர்கள் இப்போது அதையே நினைத்தால் நான் எப்படிக் குற்றம் சொல்வேன்?

இனி மேவரிக்ஸ். இதை எழுதும்போது இன்னும் கை நடுங்குகிறது.

2025 பிப்ரவரி முதல் சனிக்கிழமை, இரவு பதினொன்று இருக்கும். மகன் போனை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். "அப்பா, ஷாம்ஸ் அக்கவுண்ட்டை யாரோ ஹேக் பண்ணிட்டாங்கப்பா" என்றான். ஷாம்ஸ் என்பிஏ செய்திகளை முந்திச் சொல்லும் நிருபர். லூக்கா டான்சிச்சை லேக்கர்ஸுக்குக் கொடுத்துவிட்டு ஆந்தனி டேவிஸை வாங்கியிருக்கிறார்கள் என்று அதில் இருந்தது. நானும் ஹேக்தான் என்று நம்பினேன். ஊரே நம்பியது. லூக்காவுக்கு 25 வயது, எட்டு மாதத்துக்கு முன்புதான் அணியை இறுதித் தொடருக்கு இழுத்துச் சென்றவர். டிர்க் நோவிட்ஸ்கிக்குப் பிறகு இந்த ஊர் தன் பிள்ளையாக நினைத்த ஒரே ஆட்டக்காரர். மறுநாள் அரங்கத்துக்கு வெளியே டிர்க்கின் சிலைக்குப் பக்கத்தில் ரசிகர்கள் சவப்பெட்டியும் பூவும் வைத்தார்கள். நான் போகவில்லை, மகனை எப்படிச் சமாதானப்படுத்துவது என்றே எனக்குத் தெரியவில்லை.

இதில் உச்சவரம்புக்கு என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நேரடிச் சம்பந்தம் இருக்கிறது. நட்சத்திர வீரர் சொந்த ஊரிலேயே தங்கட்டும் என்று என்பிஏ 'சூப்பர்மேக்ஸ்' என்று, சொந்த அணி மட்டுமே தரக்கூடிய மிகப் பெரிய சம்பள ஒப்பந்தம் ஒன்றை வைத்திருக்கிறது. லூக்கா டாலஸிலேயே இருந்திருந்தால் அந்தக் கோடையில் ஐந்து ஆண்டுக்குச் சுமார் 34.5 கோடி டாலர் கேட்கும் தகுதி அவருக்கு வந்திருக்கும். உச்சவரம்புக்குள் இருக்கும் அணிக்கு அது மலை போன்ற சுமை. அவர் உடற்கட்டை நம்பி அவ்வளவு தர நிர்வாகம் தயங்கியது என்பது அப்போது பரவலாக வந்த செய்தி. வீரரை ஊரில் பிடித்து வைக்க எழுதிய விதியே அவரை விற்க ஒரு காரணமாகிவிட்டது. அணியின் பொது மேலாளர் நிகோ ஹாரிசன் வெளியே சொன்ன காரணம் தடுப்பாட்டம். தடுப்பாட்டத்துக்காக வந்த டேவிஸ் முதல் ஆட்டத்திலேயே காயப்பட்டார், அடுத்த மாதம் கைரி இர்விங்கின் முழங்கால் தசைநார் அறுந்தது. ஏப்ரல் 9 அன்று லூக்கா லேக்கர்ஸ் சட்டையோடு டாலஸுக்கு வந்தார். பழைய காட்சிகளைப் பெரிய திரையில் போட்டபோது பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். அழுது முடித்து 45 புள்ளிகள் எடுத்தார். எதிரணிக்காரர் எடுத்த ஒவ்வொரு புள்ளிக்கும் எழுந்து நின்று கத்தினோம்.

நவம்பரில் ஹாரிசனை நீக்கிவிட்டார்கள். அதற்கு முன்பே, புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் வரிசைக்கான குலுக்கலில் 1.8 சதவீத வாய்ப்பில் முதலிடம் விழுந்து கூப்பர் ஃப்ளாக் எங்களுக்குக் கிடைத்தார். நல்ல பையன், துளி பயம் இல்லாமல் ஆடுகிறான், அவனை நேசிக்கத் தொடங்கிவிட்டேன். ஆனால் அது லூக்கா விஷயத்துக்கு ஈடு ஆகாது.

என்பிஏவில் 2019 முதல் 2025 வரை ஏழு வருடத்தில் ஏழு வெவ்வேறு அணிகள் கோப்பை வென்றன, அதுதான் சமநிலை என்பார்கள். கணக்கு சரி. அதே ஏழு வருடத்தில் பேஸ்பாலில் ஐந்து அணிகள். வானத்துக்கும் பூமிக்குமான வித்தியாசம் இல்லையே! ஒக்லஹோமா சிட்டி போன்ற சிறிய ஊர் ஷே கில்ஜியஸ்-அலெக்ஸாண்டரை வைத்து ஜெயித்தது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. பொறுமையாகக் கட்டிய அணி அது. ஆனால் பாஸ்டன் செல்டிக்ஸைப் பாருங்கள். 2024இல் எங்களைத் தோற்கடித்துக் கோப்பை வென்ற அணி. உச்சவரம்புக்கும் மேலே வைத்திருக்கும் 'இரண்டாவது ஏப்ரன்' என்ற கடுமையான சம்பள வரம்பைத் தாண்டிவிட்டது என்பதற்காக ஒரே வருடத்தில் ஜூரு ஹாலிடேயையும் போர்ஸிங்கிஸையும் அனுப்ப வேண்டி வந்தது. நன்றாகக் கட்டிய வீட்டை இடித்துக் காட்டு என்று சொல்லும் விதி அது.

பேஸ்பாலில் உண்மையான ஏற்றத்தாழ்வு டிவி காசில் இருக்கிறது. டாட்ஜர்ஸுக்கு உள்ளூர் ஒளிபரப்பில் மட்டும் 25 ஆண்டுக்கு 835 கோடி டாலர் ஒப்பந்தம். எங்கள் ரேஞ்சர்ஸ் உட்படப் பல அணிகளின் ஆட்டத்தைக் காட்டிவந்த நிறுவனம் 2023இல் திவாலானது. என்பிஏ தன் புதிய 11 ஆண்டு ஒளிபரப்பு ஒப்பந்தத்தின் சுமார் 7,600 கோடி டாலரை 30 அணிகளுக்கும் சமமாகப் பிரிக்கிறது. காப்பியடிக்க வேண்டியது அதை. கூடவே சம்பளத்துக்குக் கீழ்வரம்பும் வேண்டும். என்பிஏவில் அது உண்டு, பேஸ்பாலில் இல்லை. 2025இல் மயாமி மார்லின்ஸ் சுமார் 7 கோடி டாலர் பட்டியலோடு சீசனைத் தொடங்கியது. எனக்குக் கோபம் வருவது அங்கேதான். டிக்கெட்டுக்கும் பார்க்கிங்குக்கும் ரசிகன் கொடுக்கும் காசு எங்கே போகிறது?

குறைந்த காசில் முடியாதா என்றால், முடியும். மில்வாக்கி ப்ரூவர்ஸ் 2025 சீசனில் 97 ஆட்டம் ஜெயித்து எல்லோருக்கும் மேலே இருந்தது. பிறகு அக்டோபர் 17 அன்று டாட்ஜர்ஸுடன் ஆட்டம் வந்தது. ஒட்டானி முதல் இன்னிங்ஸில் மூன்று பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கிவிட்டு, உடனே பேட்டை எடுத்துவந்து ஹோம் ரன் அடித்தார். ஆட்டம் முடிவதற்குள் மூன்று ஹோம் ரன், பத்து ஸ்ட்ரைக் அவுட். ஒரே ஆள். உச்சவரம்பு இருந்தாலும் அவர் ஏதோ ஓர் அணிக்கு ஆடித்தான் இருப்பார், எதிரே நின்ற அணி தோற்றுத்தான் இருக்கும்.

பேஸ்பாலில் இப்போதைய தொழிலாளர் ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 அன்று முடிகிறது. முதலாளிகள் உச்சவரம்பைக் கையில் எடுத்தால் கதவடைப்பு வரும் என்று அஞ்சுகிறேன். 1994இல் இதே உச்சவரம்புச் சண்டையில்தான் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், உலகத் தொடரே ரத்தானது. அந்த ஆகஸ்டில் 74 வெற்றி, 40 தோல்வி என்று முதலிடத்தில் இருந்தது மாண்ட்ரியல் எக்ஸ்போஸ். மாண்ட்ரியலில் அந்த அணிக்கு அப்படி இன்னொரு சீசன் அமையவே இல்லை. 2005இல் ஊரைவிட்டு வாஷிங்டனுக்குப் போய்விட்டது. என் அலுவலகத்தில் மாண்ட்ரியல்காரர் ஒருவர் இருக்கிறார், ரேஞ்சர்ஸ் ஆட்டத்துக்கும் எக்ஸ்போஸ் தொப்பி போட்டுக்கொண்டுதான் வருவார். 2026 ஏப்ரலுக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தேன். 2027 ஏப்ரலுக்கும் எடுக்க முடியுமா என்று அவர் இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார்.