பழசெல்லாம் ஆன்டிக் ஆகுமா? கேள்வி பதில்

பித்தளை, எனாமல் போர்டு, கைக்கடிகாரம் இவற்றைப் பற்றி விரிவாகச் சொல்ல முடியும். மற்றவற்றுக்கு வழி மட்டும் காட்டுகிறேன்.

மதுரை: எத்தனை வருஷமானால் ஆன்டிக், எத்தனை ஆனால் விண்டேஜ்?

ஆன்டிக் என்றால் 100 வருஷம். நம் 1972 தொல்பொருள் சட்டமும் சிற்பம், ஓவியம், நாணயத்துக்கெல்லாம் அதே 100-தான் வைத்திருக்கிறது, முக்கியமான கையெழுத்துப் பிரதிகளுக்கு மட்டும் 75. அந்த வயதைத் தாண்டியதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. விண்டேஜுக்கு இப்படி ஒரே எல்லை கிடையாது, கடைக்காரர் 20 வருஷச் சாமானையும் அப்படிச் சொல்லி விற்பார். நான் வயதோடு சேர்த்துப் பார்ப்பது, செய்தபோது இருந்தபடியே பொருள் இருக்கிறதா என்பதை.

திருச்சி: பாட்டியின் பித்தளைக் கூஜா கறுத்துக் கிடக்கிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா?

வேண்டாம். அந்தக் கறுப்பு பல வருஷம் காற்றும் கையும் பட்டு வந்தது, தேய்த்தால் வெட்டிய பெயரும் மழுங்கும். ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர வையுங்கள்.

காரைக்குடி: எனாமல் போர்டு ஒன்றை 'சுதந்திரத்துக்கு முந்தையது' என்று விலை சொல்கிறார்கள். முகவரியில் ஆறு இலக்க பின்கோடு இருக்கிறது.

வாங்காதீர்கள். பின்கோடு வந்ததே 1972-இல். இப்படிப் பொருளிலேயே சாட்சி இருக்கும்: அணாவில் விலை போட்டிருந்தால் பெரும்பாலும் 1957-க்கு முந்தையது, நயா பைசா என்றிருந்தால் 1957-க்கும் 64-க்கும் நடுவில். தேய்க்காதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான், சாட்சி போய்விடும்.

சேலம்: ராமர் பட்டாபிஷேகம் போட்ட 1818 கிழக்கிந்தியக் கம்பெனி அரையணா என்ன விலை போகும்?

ராமர் பட்டாபிஷேகம் போட்டு அப்படி ஒரு அரையணாவைக் கம்பெனி அடித்ததே இல்லை.

கோவை: 1970-களின் எச்.எம்.டி. ஜனதா கைக்கடிகாரம் வாங்கினேன். டயல் பளிச்சென்று நீலம். விண்டேஜ்தானே?

மெஷின் விண்டேஜாக இருக்கலாம், டயல் புதுசு. பழைய டயலைச் சுரண்டிப் புதுப் பெயின்ட் அடித்து எழுத்தை மறுபடி அச்சடித்திருப்பார்கள், ரீடயல் என்பது இதுதான். லென்ஸ் வைத்துப் பாருங்கள், எழுத்தின் ஓரம் பிசிறடிக்கும்.

நெல்லை: பழைய காசு வாங்குகிறவர் முன்பணம் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். ரிசர்வ் வங்கி 2021-லேயே எச்சரித்த மோசடி. இனி காசு விலைக் கேள்விகளுக்குப் பதில் எழுத மாட்டேன்.

கோவை (மறுபடி): வீட்டுக்கு வெள்ளையடித்தால் பழைய வீடு புது வீடாகிவிடுமா?

ஆகாது. ஆனால் இங்கே அழிந்தது கம்பெனியே அச்சடித்த எழுத்தும் நிறமும், எந்த வருஷத்து எந்த மாடல் என்று அதை வைத்துத்தானே சொல்ல முடியும்? பெங்களூரில் 1961-இல் கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி.யின் வாட்ச் நிறுவனத்தை மூட 2016-இல் முடிவாயிற்று, அந்தக் காலத்து அசல் டயல் இனி அங்கிருந்து வராது.

ஈரோடு: கோவைக்காரர் சொல்வது சரி. ஓடாமல் பெட்டியில் கிடப்பதைவிட, டயல் மாற்றிக் கையில் கட்டுவது மேல் இல்லையா?

ஓட வைக்க எண்ணெய் போடுங்கள், ஸ்பிரிங் மாற்றுங்கள், அதெல்லாம் பராமரிப்பு. ஓடுவதற்கும் டயலில் இருக்கும் பெயின்டுக்கும் என்ன சம்பந்தம்? கறை படிந்த டயலோடும் நன்றாகவே ஓடும்.

சென்னை: தாத்தாவின் 1968 அம்பாசிடர் விண்டேஜா?

கார், இருசக்கர வண்டிகளுக்கு மட்டும் சட்டமே உண்டு. 2021 விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டி, சேஸிஸ், பாடி, எஞ்சின் பெரிதாக மாறாமல் இருந்தால் 'வி.ஏ.' என்ற விண்டேஜ் பதிவு எண் கிடைக்கும். மற்ற விவரம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில்.

கோவை (மூன்றாம் முறை): அப்போ நான் ஏமாந்துவிட்டேனா?

ரீடயல் என்று சொல்லி, அந்த விலைக்கே விற்றிருந்தால் இல்லை, தாராளமாகக் கட்டிக்கொள்ளுங்கள். அசல் என்று சொல்லி விற்றிருந்தால் திருப்பிக் கேளுங்கள். பின்மூடியைக் கடிகாரக் கடையில் திறந்து மெஷினைப் படமெடுத்து அனுப்புங்கள், மெஷினாவது ஜனதாவுடையதா என்று பார்த்துச் சொல்கிறேன்.