சதுப்புநிலத்துக்குப் போகும் முன் குருளைச் சாரணர்கள் என்ன பழக வேண்டும்?

கேள்வி: என் மகன் தொடக்கநிலை 4 படிக்கிறான். பள்ளியில் குருளைச் சாரணர், அதாவது சாரணர் இயக்கத்தின் சிறுவர் பிரிவில் இருக்கிறான். அடுத்த மாதம் அவனுடைய குழுவுக்குப் பாசிர் ரிஸ் பூங்காவின் சதுப்புநிலக் காட்டில் சுற்றுச்சூழல் அறிவியல் செய்முறை வகுப்பு இருக்கிறது. மொத்தம் 18 பிள்ளைகள். பெற்றோர் தொண்டூழியராக நானும் போகிறேன். அதற்கு முன் இரண்டு சனிக்கிழமைகளில் பிள்ளைகளைத் தயார்செய்யும் பொறுப்பும் என்னிடம் வந்திருக்கிறது. நான் அறிவியல் படித்தவள் அல்ல. என்ன சொல்லிக்கொடுப்பது? இன்னொன்று, என் மகன் சேறு என்றாலே கையை இழுத்துக்கொள்வான்.

பதில்: அறிவியல் படிக்காதது இந்த வேலைக்கு ஒரு குறையே இல்லை. பாடத்தை வகுப்பு நடத்துபவர் பார்த்துக்கொள்வார். நீங்கள் பழக்க வேண்டியது மூன்றே: பார்ப்பது, அளப்பது, எழுதுவது. விடைகளை முன்கூட்டியே சொல்லிவிட்டால், பிள்ளைகள் அங்கே போய் நீங்கள் சொன்னது இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுச் சும்மா நிற்பார்கள். பல ஆண்டுகளாகப் பிள்ளைகளை அழைத்துப்போகிறேன். ஒவ்வொரு முறையும் இதைக் கண்டிருக்கிறேன்.

முதல் சனிக்கிழமை ஆளுக்கொரு சின்ன நோட்டுப் புத்தகம், ஒரு பென்சில். பேனா வேண்டாம், ஈரம் பட்டால் மை கலைந்துவிடும். நோட்டை விரித்ததும் இடப்பக்கம் ‘பார்த்தேன்’, வலப்பக்கம் ‘நினைக்கிறேன்’ என்று தலைப்பு எழுதச் சொல்லுங்கள். இந்த இரண்டையும் பிரிக்கத் தெரிந்த பிள்ளை பாதி விஞ்ஞானி.

ஒருமுறை ஒரு சிறுவன் பலகைப் பாதையில் நின்று, “நண்டு கோபமாக இருக்கிறது” என்று எழுதினான். “கோபம் உன் கண்ணுக்குத் தெரிந்ததா?” என்று கேட்டேன். மறுபடி குனிந்து பார்த்தான். ஒரு கொடுக்கு சிறியது, இன்னொன்று உடம்பளவு பெரியது. பெரியதை மட்டும் தூக்கித் தூக்கி இறக்கியது அந்த நண்டு. ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை என்று எண்ணி இடப்பக்கம் எழுதினான். கோபம் வலப்பக்கம் போனது. அதற்குக் கீழே அவனாகவே, “யாரையோ கூப்பிடுகிறதோ?” என்று சேர்த்தான். ஆண் பிடில் நண்டு பெண் நண்டை அழைக்கவும் மற்ற ஆண்களை எச்சரிக்கவும் அப்படித்தான் கொடுக்கை ஆட்டும். நான் எதுவும் சொல்லாமலே அவன் அந்த இடத்துக்கு வந்துவிட்டான்.

இப்படிப்பட்ட எளிய குறிப்புகளுக்கு நம் சிங்கப்பூரில் பெரிய மதிப்பு உண்டு. புலாவ் உபின் தீவில் உள்ள செக் ஜாவா கடலோரம் நில மீட்புக்கு, அதாவது கடலைத் தூர்த்து நிலமாக்கும் வேலைக்குப் போகவிருந்தது. நீர் வற்றும் நேரங்களில் தொண்டூழியர்களும் இயற்கை ஆர்வலர்களும் அங்கே போய், கண்ட உயிரினங்களையெல்லாம் பதிவுசெய்தார்கள். 2001 டிசம்பரில் அந்தத் திட்டம் ஒத்திவைக்கப்பட்டது. இந்தக் கதையைப் பிள்ளைகளிடம் தாராளமாகச் சொல்லுங்கள்.

நோட்டின் முதல் பக்கத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தன் சாணை அளந்து சென்டிமீட்டரில் எழுதி வைக்கட்டும். அடிக்கோலை மறந்துவிட்டு வருவார்கள், கையை மறக்க முடியாது. அப்புறம் வீவக அடுக்குமாடி புளோக்கின் கீழே புல்தரையில் நூலால் ஒரு மீட்டர் சதுரம் போட்டு, அதற்குள் என்னென்ன இருக்கின்றன என்று பத்து நிமிடம் எண்ணச் சொல்லுங்கள். குருளைச் சாரணர்கள் ஆறு ஆறு பேராகப் பிரிந்துதான் இருப்பார்கள். அந்தக் குழுவைக் கலைக்க வேண்டாம். ஒருவர் அளக்க, ஒருவர் எழுத, ஒருவர் வரைய, ஒருவர் நேரம் பார்க்க, மற்ற இருவர் தேட, பாதியில் வேலையை மாற்றிக்கொள்ளட்டும்.

இரண்டாம் சனிக்கிழமை தண்ணீருக்கு. காய்ந்த சங்குப்பூவை வெந்நீரில் போட்டால் நீலச் சாறு கிடைக்கும். அதில் எலுமிச்சைச் சாறு விட்டால் ஊதா, இன்னும் விட்டால் இளஞ்சிவப்பு. சமையல் சோடா கலந்தால் பச்சைப் பக்கம் திரும்பும். அமிலமும் காரமும் என்ன என்பதை இதைவிட அழகாகக் காட்ட முடியாது. ஆனால் இங்கே முக்கியம் வேறொன்று. ஒரே குவளையின் நிறத்தை மூன்று பேர் தனித்தனியே, மற்றவரைக் கேட்காமல் எழுத வேண்டும். எழுதியது ஒத்துப்போகாது. ஏன் என்று பேசவிடுங்கள். ஒரே அளவீட்டை ஏன் மூன்று முறை எடுக்கிறோம் என்பது அப்போது விளங்கிவிடும். கலங்கலை அளக்க, உயரமான கண்ணாடிக் குவளையின் அடியில் கறுப்புப் பெருக்கல் குறி போட்டு, அது மறையும்வரை கலங்கிய நீரை ஊற்றி உயரத்தை அளந்தால் போதும்.

நாற்றத்துக்கும் அவர்களைத் தயார்செய்யுங்கள். அழுகிய முட்டை வாசம் வரும், அது குப்பையின் வாடை அல்ல என்று மட்டும் சொன்னால் போதும். இல்லாவிட்டால் மூக்கைப் பொத்துவதிலேயே அரை மணி நேரம் போய்விடும். காரணம் உங்களுக்கு மட்டும்: சேற்றுக்குள் காற்று புகாது. அங்கே வாழும் நுண்ணுயிரிகள் உதிர்ந்த இலைகளைச் சிதைக்கும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வெளியாகிறது. அந்தச் சேற்றில் வளரும் கண்டல் மரங்கள் சிலவற்றின் வேர்கள் பென்சில் நட்டதுபோல் சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதும் அதே காற்றுக்காகத்தான். நாற்றத்தையும் வேரையும் முடிச்சுப் போடும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள்.

நேரம்தான் பலரும் கோட்டைவிடும் இடம். கடல்நீர் ஏறியிருக்கும்போது போனால் நண்டும் இல்லை, சேற்றில் துள்ளும் மீனும் இல்லை, வெறும் தண்ணீர்தான். கடல்துறை, துறைமுக ஆணையம் வெளியிடும் அட்டவணையில் அன்றைக்கு நீர் எப்போது வற்றுகிறது என்று பார்த்து, அதற்கு ஒரு மணி நேரம் முன்பே அங்கே இருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீர் அதிகமாக வற்றும். வீட்டு நாள்காட்டியே இதைச் சொல்லிவிடும். வகுப்பு நேரம் பொருந்தாவிட்டால் ஏற்பாட்டாளரிடம் இப்போதே பேசுங்கள். ஏப்ரல், மே, நவம்பர் மாதங்களில் பிற்பகலில் இடிமின்னல் அதிகம். மின்னல் எச்சரிக்கை வந்தால் உடனே கட்டடத்துக்குள் போக வேண்டும், மரத்தடியில் ஒதுங்கக் கூடாது.

மூடிய காலணி, நீளக் கால்சட்டை, கொசுவிரட்டி, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், சரி. பூங்காவிலிருந்து செடியோ உயிரினமோ எடுக்கக் கூடாது. நீரையோ மண்ணையோ மாதிரியாக எடுப்பதாக இருந்தால் அனுமதி வாங்கியாயிற்றா என்று நடத்துபவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காட்டுப்பன்றி கண்ணில் பட்டால் ஓடாமல் மெதுவாக விலகிச் செல்ல வேண்டும்.

உங்கள் மகனுக்கு வருவோம். வற்புறுத்தாதீர்கள். வீட்டுப் பூந்தொட்டி மண்ணை ஒரு கிண்ணத்தில் ஈரமாக்கி வையுங்கள். முதல் நாள் குச்சியால் கிளறட்டும், பிறகு கையுறையோடு, அதற்குப் பிறகு விரல் நுனியால். அவ்வளவுக்கும் வராவிட்டாலும் பரவாயில்லை. குழுவில் நேரம் பார்க்கும் வேலையை அவனுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். நண்டு எத்தனை முறை கொடுக்கை ஆட்டுகிறது என்று எண்ணும்போது, கடிகாரம் வைத்திருப்பவன்தான் எல்லாருக்கும் முன்னால் குனிந்து நிற்க வேண்டியிருக்கும்.