பத்திரம் பதிந்தும் பட்டா மாறவில்லையா?

பத்திரம் பதிந்தால் பட்டா தானாக மாறும் என்றார்கள், ஆனால் சிட்டாவில் (வருவாய்த்துறை நிலப் பதிவில்) இன்னும் விற்றவரின் அப்பா பெயரே இருக்கிறது என்கிறீர்கள். சிக்கல் அந்த அப்பா பெயரில்தான். பட்டாவில் இருப்பவரே சர்வே எண் முழுவதையும் விற்றால்தான் தானியங்கி மாறுதல் நடக்கும். உங்கள் விஷயத்தில் இரண்டுமே இல்லை: விற்றவர் பெயரில் பட்டா இல்லை, நீங்கள் வாங்கியதும் 30 சென்டில் 5 சென்ட்தான்.

'உட்பிரிவுடன்' (சர்வே எண்ணைப் பிரித்து உங்கள் பங்கைத் தனியாக்குவது) என்ற வகையில் புதிதாக விண்ணப்பியுங்கள். இ-சேவை மையத்தில் அவசரத்தில் 'உட்பிரிவு இல்லாமல்' என்று தட்டிவிடுவார்கள், பக்கத்திலிருந்து பாருங்கள். கிரயப் பத்திரத்தோடு தாய்ப்பத்திரம் (நிலத்தின் முந்தைய பத்திரம்), விற்றவருடைய அப்பாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் சேருங்கள். ஸ்கேன் மங்கலாக இருந்தாலும் தள்ளுபடிதான். வாரிசுகளில் யாராவது கிரயத்தில் கையெழுத்துப் போடவில்லையென்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

அப்புறம் சர்வேயர் அளக்க வருவார். அன்று நான்கு எல்லையும் தெரியும்படி கல் இருக்கட்டும், பக்கத்து நிலத்துக்காரருக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். எத்தனை இணையதளம் வந்தாலும் சங்கிலி இழுக்க ஆள் வந்துதானே ஆக வேண்டும்!

இந்த விண்ணப்பத்தை நிராகரித்தால், காரணம் எழுதிய உத்தரவை இறக்கிக்கொண்டு, 1983 பட்டா பாஸ்புத்தகச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம்.